குளத்து மூலையும் மாமியின் வாயும்

மாமியோடு கொஞ்ச நேரம் பேசினால், சரியென்று நமக்கே தெரிந்த விஷயத்துக்கும் எதிராக நிற்க வேண்டும் போலிருக்கும். அவர் சொன்னதில் பிழை இருந்ததை நான் அநேகமாகக் கண்டதில்லை. அதுதான் எரிச்சல். பிழையாகப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சரியாகப் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுக்கிற மனுஷியை என்ன செய்வது?

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்னக் குளம் வரும். குளத்தையொட்டி எங்கள் வயல்கள். மாமியின் வயலையும் என் வயலையும் ஒரு வரம்புதான் பிரித்தது. சொந்தத்தில் அவர் எனக்கு மாமி இல்லை. என் உம்மாவின் கூட்டாளி, அதனால் மாமி. போர்க்காலத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டு நாங்கள் புத்தளத்தில் இருந்தபோதே கணவர் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகிவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்தபோது மாமி கொண்டுவந்தது அவருடைய றப்பர் சப்பாத்தை. இரண்டு கால்களையும் ஒன்றில் விடலாம், அவ்வளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு, தலையில் முக்காடும் கையில் கறுப்புக் குடையும் பால் விடாத பிளேன்ரீ நிறைத்த ஒரு போத்தலுமாக வரம்பில் வருவார். அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. ஆட்களைக் குத்திக் காட்டிப் பேசுவதற்குத்தான் அது.

ஊரில் அவருக்கு ‘ஆட்காட்டி’ என்று பெயர். மனுஷ வாடை பட்டவுடன் கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றுமே, அந்தப் பறவை. பெயர் வைத்தவர்கள் அவர் காதில் விழாது என்றுதான் நினைத்திருப்பார்கள். விழுந்தது.

“என்னை ஆட்காட்டி எண்டு சொல்றீங்களாம். சொல்லுங்கோ. ஆட்காட்டி பொய் சொல்றேல்ல” என்றார் ஒருநாள், கடைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்க. அதோடு நிறுத்தியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டியிருப்பார்கள். நிறுத்தவில்லை. “உங்கள மாதிரி” என்று ஒன்றைச் சேர்த்தார். கை தட்ட இருந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மாமியின் குணம் இதுதான். வென்ற பிறகும் அவருக்கு இன்னும் ஒரு சொல் வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நாசமாகும்.

கடைக்கார நானாவின் கதையைச் சொல்கிறேன். சந்தியில் கடை வைத்திருந்தவர், எங்கள் பக்கத்தில் பெரிய வயலும் அவருடையதுதான். மாமியை ராத்தா, ராத்தா என்று மூத்த சகோதரி முறை சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரு பெரும்போகத்தில் அவருடைய ஆட்கள் முதுகில் மருந்து மெசினோடு வரம்பு வரம்பாக அடித்துக்கொண்டு வந்தார்கள். குளத்துப் பக்கத்து மூலையில், கோரையோடு நெல் சேர்கிற இடத்தில், கானாங்கோழிகள் எப்போதும் இருக்கும். வெள்ளை மார்பும் குட்டை வாலுமாக, வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். குஞ்சுகள் கரித்துண்டுகள் மாதிரி. மாமி அங்கே போய் நின்றுகொண்டார்.

“இந்த மூலைக்கு அடிக்காதீங்கோ. தாய் குஞ்சுகளோட நிக்குது. அதுகள் தின்ற பூச்சியில உங்கட மருந்து இருக்கும்.”

நானா அன்று நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “சரி ராத்தா. அந்தத் துண்டுல பூச்சி திண்டாலும் பெரிய நட்டமில்ல. விடுங்கடா அத” என்றார் ஆட்களிடம்.

நான் என் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘யா அல்லாஹ், இப்போது இவரை வீட்டுக்கு அனுப்பிவிடு’ என்று மனதுக்குள் கேட்டேன். மாமி திரும்பித்தான் நடந்தார். நாலு அடி வைத்தார். பிறகு நின்று, குடையால் நானாவைக் காட்டி, “இப்பதான் நானாக்குப் புத்தி வந்திருக்கு” என்றார்.

ஆட்கள் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவரைப் பார்த்து ஆட்கள் சிரித்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது வயல் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். மாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூலைக்கு நானா தன் கையாலேயே மருந்தடித்தார், மற்ற இடங்களை விடக் கூடுதலாக. மாமி போத்தலைத் திறந்து, கோப்பையில் பிளேன்ரீ ஊற்றி, அவருக்கே நீட்டினார். அதுவும் அவருடைய பழக்கம்தான். ஏசிய ஆளுக்கு உடனே தேத்தண்ணி. நானா வாங்கவில்லை. மாமி அதைத் தானே குடித்துவிட்டு, “நான் என்ன பிழையாச் சொன்னன்?” என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்த இடத்திலேயே அழலாம் போலிருந்தது எனக்கு.

மன்னாரிலிருந்து பறவை பார்க்கிற ஆட்கள் ஒருமுறை வந்தார்கள். வாகனத்தில், நீளக் கமராக்களோடு. பூநாரை தேடிக் கடலோரம் போகிற வழியில் தண்ணீர் கேட்டு நின்றவர்களை மாமி விடாமல் வயலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கோரையைக் காட்டினார். நல்ல பிள்ளைகள்தான். மருந்தடிக்காத மூலை விட்டால் நல்லது, அறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே வெட்டி வந்தால் குஞ்சுகள் ஓடித் தப்பும் என்றெல்லாம் விளக்கினார்கள். ஊர் ஆட்களுக்கும் வந்து சொல்லித் தருவதாகச் சொன்னார்கள். வாகனத்தில் ஏறும்போது மாமி கேட்டார்: “பூநாரைக்கு மட்டும்தான் பாஸ்போட்டா? எங்கட கோழி கறுப்பெண்டா கமராவைத் தூக்க மாட்டீங்களா?” அவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள். பிறகு வரவேயில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரம்பில் உட்கார்ந்தார்.

“நாங்க திரும்பி வந்த நேரம் உனக்கு ஞாபகம் இருக்குதானே மகன். வீட்டில சீமெந்துத் தரை மட்டும்தான் மிச்சம். கிணத்துக்குள்ள மரம் முளைச்சிருந்தது. காணி முழுக்கக் காடு. எது என்ட வயல் எண்டே தெரியல்ல. இந்த மூலைக்கு வந்து நிண்டன். உள்ளுக்க இருந்து கானாங்கோழி கத்துது. நான் கலியாணம் முடிச்சு வந்த நாளும் அது இங்கதான் கத்தினது. அப்பதான் இது என்ட காணி எண்டு தெரிஞ்சது. நாங்க இல்லாத காலமெல்லாம் அதுகள் இருந்திருக்குதுகள். இப்ப நாங்க வந்து அதுகள எழுப்பி விடுறதா?”

இதை அவர் ஊருக்கு முன்னால் ஒருமுறை, இதே குரலில் சொன்னால் போதுமே என்று நினைத்தேன். அதற்குள் மாமி எழுந்து குடையை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். “உன்னையும் ஒருத்தன் ஊரை விட்டு எழுப்பி விட்டாத்தான் உனக்கெல்லாம் விளங்கும்.”

“மாமி,” என்றேன், “எங்கள எழுப்பி விட்ட நேரம் கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில, அலைக்குத் தலை சுத்தி உங்கட மடியிலதான் நான் சத்தி எடுத்தனான்.”

“ஓம் ஓம்” என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். “எடுத்தனிதான்.” கோப்பையில் பிளேன்ரீ ஊற்றி நீட்டினார்.

ஊருக்குப் புதிதாக ஒரு மௌலவி வந்தபோதுதான் காரியம் திரும்பியது. இளம் ஆள், பொறுமையானவர். அவருடைய மனைவியோடு மாமி சிநேகமானார். எத்தனை பிளேன்ரீ ஊற்றினாரோ தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் மௌலவி வயல் பறவைகளைப் பற்றிப் பேசினார். ஒருவன் விதைத்ததைப் பறவை தின்றால் அதுவும் அவனுக்கு ஸதகா, தர்மம் செய்த நன்மை என்று விளக்கினார். எங்களில் பலர் முன்பே கேட்டதுதான். ஆனால் வயல் கதிர் விட்டு நிற்கிற நேரத்தில் கேட்பது வேறு.

அடுத்த வாரம் குளக்கட்டில் மருத மரத்தடியில் கூட்டம் போட்டோம். குளத்துப் பக்கத்து மூலையில் ஒவ்வொருவரும் ஒரு துண்டை மருந்தடிக்காமல் விடுவது, வெட்டு மெசின் வந்தாலும் குஞ்சுகள் வெளியேறும் வரைக்கும் அதை அறுக்காமல் விடுவது என்று பேச்சு. கடைக்கார நானாவே முதலில் சம்மதித்தார். நான் கூட்டத்தைக் கவனிக்கவில்லை. பின்னால் பெண்களோடு இருந்த மாமியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வாய் திறந்தது. நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இன்னொருமுறை திறந்தது. போத்தல் மூடியைத் திருகி, தேத்தண்ணியை வாயில் ஊற்றி, சொல்ல வந்ததை அதோடு விழுங்கினார். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனபோது எனக்குப் பெருநாள் பிறை கண்ட சந்தோஷம்.

அந்தப் போகத்தில் மெசின் வெட்டிவிட்டுப் போன பிறகு குளத்து ஓரம் முழுக்க மூலை மூலையாக நெல் நின்றது. மாமி தினமும் வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் ஏசவில்லை. நான் கூட, இனி ஒரு தொல்லையும் இல்லை என்று நம்பிவிட்டேன்.

பிறகு சகாத் நெல் சேர்க்கிற நாள் வந்தது. எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் விளைச்சலில் ஏழைகளின் பங்கை அவரவர் பள்ளிவாசலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். பள்ளி விறாந்தையில் மூடைகளை அடுக்கி, பிறகு பகிர்வார்கள். அந்த வருஷம் விறாந்தை நிறையவில்லை. வயல் நன்றாக விளைந்திருந்தது, மூடைகளைக் காணோம். மௌலவி ஒவ்வொருவராக விசாரித்தார்.

“நாங்க குடுத்தாச்சு மௌலவி” என்றார் கடைக்கார நானா, மிகவும் அமைதியாக. “அந்த மூலை நெல்லு முழுக்க அல்லாஹ்வுக்கு எண்டுதானே விட்டம். நீங்கதானே ஸதகா எண்டு சொன்னீங்க. அதைச் சகாத்தில கழிச்சிட்டம்.”

அவர் மட்டுமில்லை, அநேகம் பேர் அப்படித்தான் கழித்திருந்தார்கள். களவாக இல்லை, தொழுகை முடிந்து எழுந்த முகத்தோடு, நன்மை செய்த திருப்தியோடு. சகாத் கடமை, ஸதகா விரும்பிக் கொடுப்பது, ஒன்றை ஒன்றில் கழிக்க முடியாது என்று மௌலவி தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தார். “போன மாசம் ஒரு விளக்கம், இந்த மாசம் ஒரு விளக்கமா?” என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விறாந்தைத் தூணை உதைத்தேன். கால்தான் வீங்கியது.

குளத்தடியில் ஓலைக் குடிசையில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் பார்த்தாள். அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்தது ஒரு சின்னப் பைதான். அவள் மாமியின் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தபோது நானும் அங்கே நின்றேன்.

“மாமி, உங்கட கோழிக்குஞ்சு தின்ற நெல்லு என்ட புள்ளையள்ட நெல்லு. அதை ஆரும் உங்களுக்குச் சொல்லல்லையா?”

மாமி உள்ளே போய்த் தன் நெல்லில் ஒரு மூடையை இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் அதைத் தொடவில்லை.

“நீங்க ஒழுங்காக் குடுத்திட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். உங்கட வீட்டு நெல்லுக் கேட்டு நான் வரல்ல. எனக்கு வரவேண்டியதைத்தான் கேக்கிறன்.”

குடை கையில் இருந்தது. அது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவளும் வேறு சில பெண்களும் அரிவாள்களோடு நானாவின் மூலைக்கு வந்துவிட்டார்கள். நானா தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்றார். “வெட்டட்டும். கோழியா ஏழையா எண்டு ராத்தாவே சொல்லட்டும்” என்றார். தான் கொடுக்காமல் விட்டதை மறைக்க இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. நான் மாமியைப் பார்த்தேன். இப்போது வெடிப்பார், நானாவைக் கிழிப்பார், இந்த ஒருமுறை கிழிக்கட்டும் என்று நின்றேன்.

மாமி குடையை வரம்பில் வைத்துவிட்டு ஒரு அரிவாளை வாங்கினார். “நடுவுக்கு வாங்கோ” என்றார் பெண்களிடம். “நடுவில தொடங்கி வெளியால வெட்டிக்கொண்டு போவம். ஓரத்தால வளைச்சா அதுகள் நடுவில அம்பிட்டுப் போகும்.” சொல்லிவிட்டு, பெரிய சப்பாத்தோடு நெல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் குனிந்தார்.

பெரிய கோழிகள் கோரைக்குள் ஓடிவிட்டன. குஞ்சுகள் வெட்டின தாளுக்குள்ளால் கறுப்புப் புள்ளிகளாகத் தடுமாறி ஓடின. மேலே காகங்களும் ஒரு செம்பருந்தும். எத்தனை போய்ச் சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது, பார்க்கப் பிடிக்கவில்லை. நெல்லும் முற்றிப் போய்க் கொட்டுண்டிருந்தது. அத்தனை பேரும் வெட்டி அடித்ததில் ஒரு மூடை கூட முழுதாக நிறையவில்லை. கோழிக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. கழித்துக்கொண்டவர்கள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மாமி இப்போது புத்தளத்தில், மகளோடு. முழங்கால் வருத்தம். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். எடுத்திருப்பவர் கடைக்கார நானாதான். மெசின் இப்போது கோரை வரைக்கும் போய்த் திரும்புகிறது. நான் என் மூலையை விடுகிறேன். எல்லாக் கோழியும் அந்த ஒரு துண்டுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, ஊர் நாய்களுக்கும் அது தெரிந்துவிட்டது. சகாத் நெல்லை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் மூலை விடுகிறேன் என்று நான் யாருக்குச் சொன்னாலும், “அது உன்ட விருப்பம்” என்கிறார்கள்.

ஆனால் மாமியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அவர் போவதற்கு முந்திய கடைசிக் கூட்டம்தான். அதே மருத மரத்தடி. விதைப்புக்கு முன்னால் எல்லோரும் இருந்தோம். மாமி பின்னாலிருந்து எழுந்து முன்னுக்கு வந்தார்.

“சகாத்தை முழுசாக் குடுக்கிற ஆள் மூலை விடட்டும். குடுக்கேலாத ஆள் இந்த வருஷம் மூலை விட வேணாம். ஏழைட பங்கை எடுத்துக் குருவிக்குக் குடுக்காதீங்கோ” என்றார்.

அவ்வளவுதான். ஒரு அட்சரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. “நான் ரெண்டும் தாறன்” என்றேன் நான். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் மூலை வேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எவ்வளவு லேசாகச் சொன்னார்கள்! இரண்டையும் கொடுத்தால் குடிமுழுகிப் போய்விடுமா என்று கேட்க அங்கே ஒரு வாய் இருக்கவில்லை. இருந்த ஒரு வாயும் மூடியிருந்தது.

கடைக்கார நானா எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டார். மாமியைப் பார்த்துச் சிரித்தார். “இப்பதான் ராத்தாவுக்குப் புத்தி வந்திருக்கு” என்றார்.

கூட்டம் அப்படியே நின்றது. நானா கூட, சொன்ன வேகத்தில் ஒரு அடி பின்னால் வைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷம் இந்த மனுஷியின் வாயை மூடச் சொல்லி துஆக் கேட்டவன் நான். அன்றைக்கு என் உடம்பு முழுக்கக் கேட்டது, மாமி, ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லுங்கோ என்று.

மாமி குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். போத்தலின் மூடியை இறுக்கினார். யாருக்கும் ஊற்றாமல், குளக்கட்டால் இறங்கி வீட்டுக்குப் போனார்.